ஆங்கில மெய்யெழுத்து: எங்கே இரட்டிக்கும், எங்கே ஊமையாகும், எங்கே ஒலி மாறும்?

மாலைவகுப்பு கேட்டது:

ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் உயிரெழுத்துதான் தகராறு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நோட்டைத் திருத்த உட்கார்ந்தால் மெய்யெழுத்தில் வரும் தப்பும் அதற்குக் குறைவில்லை. திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்கள் இவை.

'க்' ஒலிக்கு சி, கே, சிகே என்று மூன்று வழி இருக்கிறது. எதை எங்கே போடுவது?

ரன்னிங் என்பதில் என் இரண்டு, ஓப்பனிங் என்பதில் ஒன்று. ஏன்?

இறந்தகால 'ஈடி'யை ஒரு சொல்லில் 'ட்' என்கிறார்கள், இன்னொன்றில் 'இட்' என்கிறார்கள். கணக்கு என்ன?

ஊமை எழுத்துகளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி உண்டா?

கடைசியாக உச்சரிப்பு. 'சிம்பிள்' (எளிது), 'சிம்பல்' (குறியீடு) இரண்டையும் பிள்ளைகள் ஒரே மாதிரி சொல்கிறார்கள். எங்கே பிசகுகிறது என்று எனக்கே பிடிபடவில்லை.

விதி இருந்தால் விதி, இல்லையென்றால் காரணம் சொல்லுங்கள். 'படிக்கப் படிக்க வந்துவிடும்' என்ற பதில் மட்டும் வேண்டாம், அதைத்தான் நானும் சொல்லிச் சமாளிக்கிறேன்.

சொல்வேர் எழுதியது:

முதலில் ஒரு ஏற்பாடு. தமிழில் எழுதினால் 'பி' இரண்டு எழுத்துக்குப் பொது, 'டி'யும் அப்படியே. போனில் பெயர் சொல்கிறவர்கள் வழியில் பாம்பே பி, பாரிஸ் பி, டெல்லி டி, டோக்கியோ டி என்று பிரித்து எழுதுகிறேன். (உங்கள் கடைசிக் கேள்விக்கு இந்த ஏற்பாட்டிலேயே பாதிப் பதில் இருக்கிறது. அதை நுனிநாக்கு வந்து சொல்லட்டும், அவர் ஏரியா.)

ஆங்கிலத்தில் மெய்யெழுத்து 21, மெய்யொலி ஏறத்தாழ 24. அந்த 21-லும் சி, கியூ, எக்ஸ் மூன்றும் ஒலியைக் கடன் வாங்கிப் பிழைப்பவை. அதனால்தான் எஸ்எச், சிஎச் என்று ஜோடி சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆனால் பிள்ளைகளைக் குழப்புவது இந்தப் பற்றாக்குறை இல்லை. ஆங்கில மெய்யெழுத்து தன் ஒலியைச் சொல்வதோடு நிற்பதில்லை, பக்கத்து உயிர் குறிலா நெடிலா என்றும் காட்டிக்கொடுக்கிறது. நமக்கு இ, ஈ என்று உயிரிலேயே அது தெரிந்துவிடும். ஆங்கிலத்தில் உயிரெழுத்து ஐந்துதான் என்பதால் அந்த வேலையை மெய்யின் தலையில் கட்டிவிட்டார்கள். உங்கள் முதல் இரண்டு கேள்விக்கும் வேர் இதுதான்.

சொல்லின் கடைசியில் வரும் 'க்' ஒலியை எடுங்கள். ஒற்றை உயிரெழுத்து குறிலாக ஒலித்து, உடனே 'க்' வந்தால் சிகே: நெக், சிக், லாக், டக். உயிர் நெடிலாகி, சொல் ஈ என்ற ஆங்கில எழுத்தில் முடிந்தால் வெறும் கே: லைக், ஜோக். நடுவில் இன்னொரு மெய் இருந்தாலும் கே மட்டும்தான்: மில்க், டெஸ்க். இரண்டு உயிரெழுத்து சேர்ந்து வந்தாலும் அப்படியே: புக், வீக். முதுகுக்கும் அடுப்பில் சுடுவதற்கும் தமிழில் 'பேக்' என்றே எழுதுகிறோம். ஆங்கிலத்தில் முதலாவதில் சிகே, இரண்டாவதில் கேஈ. அந்த வித்தியாசம் 'க்'குக்காக இல்லை, முன்னால் இருக்கும் ஏ என்ற எழுத்துக்காக.

இதே கணக்கு 'ஜ்' ஒலிக்கும் 'ச்' ஒலிக்கும் அப்படியே பொருந்தும். குறிலுக்குப் பின் டெல்லி டி சேர்ந்து டிஜிஈ: எட்ஜ், பிரிட்ஜ் (பாலம்), ஜட்ஜ். மற்ற இடத்தில் ஜிஈ: ஏஜ், ஹ்யூஜ், லார்ஜ். குறிலுக்குப் பின் டோக்கியோ டி சேர்ந்து டிசிஎச்: கேட்ச், ஃபெட்ச், வாட்ச். மற்ற இடத்தில் சிஎச்: கோச், டீச், லஞ்ச். இதை மீறுபவை ரிச், விச், மச், சச் என்று கைவிரலில் அடங்கும், அந்த நான்கையும் சுவரில் எழுதி ஒட்டிவிடுங்கள்.

மியூசிக், பப்ளிக், டிராஃபிக் மாதிரி ஒன்றுக்கு மேற்பட்ட அசையுள்ள சொல் 'இக்' என்று முடிந்தால் பெரும்பாலும் சி மட்டும். அங்கேயும் கே இருந்தது, 1755-இல் வந்த ஜான்சன் அகராதியில் மியூசிக் கடைசியில் கேயோடுதான் இருக்கிறது. பிறகு கழன்றுவிட்டது. கழன்ற கே சில சமயம் திரும்பி வரும், அதைச் சொல்ல முதலில் சியின் குணத்தைச் சொல்லவேண்டும்.

சிக்கு அடுத்து ஈ, ஐ, ஒய் வந்தால் 'ஸ்'. வேறு எது வந்தாலும் 'க்'. செல், சிட்டி, சைக்கிள் ஒரு பக்கம். கேட் (பூனை), காட் (கட்டில்), கட், கிளாப் மறுபக்கம். அக்செப்ட், சக்சஸ் என்ற சொற்களில் இரண்டு சி வருகிறது. முதல் சிக்கு அடுத்து சி என்பதால் 'க்', இரண்டாவதற்கு அடுத்து ஈ என்பதால் 'ஸ்'. நாம் 'சக்சஸ்' என்று சரியாகவே சொல்கிறோம், விதியைத்தான் யாரும் எடுத்துச் சொல்வதில்லை. இந்தக் குணம் பிரெஞ்சு வழியாக வந்தது. 1066-இல் பிரான்சிலிருந்து வந்த நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு, பிரெஞ்சு பழகிய எழுத்தர்கள் கைக்கு எழுத்துவேலை போனது. ஈ, ஐக்கு முன்னால் சி எழுதினால் 'ஸ்' என்று படித்துவிடுவார்கள் என்பதால் கிங், கீப், கெட்டில் என்ற உள்ளூர்ச் சொற்களுக்கு கே நிலைத்தது. ஆகவே எழுதும்போது: 'க்' ஒலிக்கு அடுத்து ஈ, ஐ வந்தால் கே, மற்றபடி முதலில் சியை முயற்சி பண்ணு.

இப்போது பிக்னிக். அதோடு ஐஎன்ஜி சேர்த்தால் சிக்கு அடுத்து ஐ வந்து 'பிக்னிசிங்' ஆகிவிடும். அதைத் தடுக்கக் கே இறங்குகிறது: பிக்னிக்கிங், பேனிக்ட், மிமிக்கிங், டிராஃபிக்கிங். நோட்டிசபிள், மேனேஜபிள் என்பவற்றில் ஈயை அழிக்காமல் வைத்திருப்பதும் இதே பயத்தில்தான். அழித்தால் சி 'க்' ஆகும், ஜியும் 'ஜ்' ஒலியை இழக்கும்.

இனி இரட்டித்தல். டைனர் (சாப்பிடுகிறவர்) ஒரு என், டின்னர் இரண்டு என். ஹோப்பிங் (நம்புவது) ஒரு பாரிஸ் பி, ஹாப்பிங் (நொண்டியடிப்பது) இரண்டு. லேட்டர் (பிறகு) ஒரு டோக்கியோ டி, லாட்டர் (பின்னது) இரண்டு. ஒற்றை மெய் என்றால் பின்னால் வரும் உயிர் அதைத் தாண்டி முன்னுயிரை நெடிலாக்கிவிடும். இரட்டை மெய் நடுவில் சுவர் எழுப்பும்.

விகுதி சேர்க்கும்போது சோதனை மூன்று. சொல் ஒற்றை மெய்யில் முடிகிறதா? அதற்கு முன் ஒற்றை உயிரெழுத்தா? அழுத்தம் கடைசி அசையிலா? மூன்றுக்கும் ஆம் என்றால் இரட்டி. விகுதி உயிரெழுத்தில் தொடங்கினால் மட்டும். பிகின் என்பதில் அழுத்தம் 'கின்' மேல், ஆகவே பிகின்னிங். ஓப்பன் என்பதில் 'ஓ' மேல், ஆகவே ஓப்பனிங்கில் ஒரு என். விசிட், ஆஃபர், பெனிஃபிட் எல்லாம் ஓப்பன் கட்சி. பிரிஃபர் சுவாரசியமானது: பிரிஃபர்ட் என்பதில் ஆர் இரண்டு, பிரெஃபரன்ஸ் என்பதில் அழுத்தம் முன்னால் ஓடிவிடுவதால் ஒன்று. டபிள்யூ, எக்ஸ், ஒய் இந்த விதியில் இரட்டிப்பதில்லை. டிராவல், கேன்சல் போன்றவற்றில் அழுத்தம் முன்னால் இருந்தாலும் பிரிட்டிஷ் வழக்கில் எல் இரண்டு, அமெரிக்காவில் ஒன்று. பள்ளிப் பாடநூல் பிரிட்டிஷ் என்பதால் இரண்டு போடச் சொல்லுங்கள். பிள்ளைகள் அதிகம் சறுக்கும் இடம் ரைட்டிங், ரிட்டன். முதலாவதில் நெடில், ஒரு டி. இரண்டாவதில் குறில், இரண்டு டி. தமிழில் எழுதிப் பார்த்தால் இரண்டிலும் 'ட்ட', அதுதான் காலை வாருகிறது.

மாலைவகுப்பு எழுதியது:

பிக்னிக்கில் கே வருவதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. ஒரு சந்தேகம். ஹேப்பி, சம்மர் என்று எழுத்து இரண்டாக இருக்கும்போது நாம் அழுத்திச் சொல்கிறோமே, அது சரியா? சுவர் மட்டும்தான் என்றால் ஒலியில் இரட்டிப்பு கிடையாதா?

நுனிநாக்கு எழுதியது:

கிடையாது. தமிழ்நாட்டு ஆங்கிலத்தில் காதில் முதலில் விழுவது இதுதான். நமக்கு 'பலி' வேறு, 'பல்லி' வேறு. மெய் நின்று ஒலித்தால் பொருள் மாறும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லுக்குள் அப்படிப் பொருள் மாறுவதில்லை. ஹேப்பியில் உதடு ஒருதரம் தொட்டு உடனே விலக வேண்டும், 'தொப்பி' மாதிரி மூடி நிற்கக் கூடாது. சம்மரை 'சமர்' போல முடித்துவிடலாம், நடு 'ம்' நீளாது. மெய் உண்மையாகவே நீள்வது இரண்டு சொல் ஒட்டும் இடத்தில், அல்லது முன்னொட்டு சேரும் இடத்தில்: புக்கேஸ், மிட்டே (நண்பகல்), அன்னோன் (தெரியாதது).

இப்போது 'சிம்பிள்'. தமிழ் எழுத்தில் வல்லினத்தின் ஒலியை இடம் தீர்மானிக்கிறது. 'பல்' என்பதில் ப, பாரிஸ் ஒலி. 'தம்பி' என்பதில் அதே ப, பாம்பே ஒலி. யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை, மெல்லினத்துக்குப் பின்னால் வந்தால் தானாகத் தொண்டை அதிர்ந்துவிடுகிறது. ந்த, ண்ட, ங்க, ஞ்ச எல்லாம் அப்படியே. ஆங்கிலத்தில் அந்த இடத்திலும் இரண்டு ஒலியும் வரும், பொருளும் மாறும். 'சிம்பிள்' பாரிஸ் பி, 'சிம்பல்' பாம்பே பி. பிள்ளை தமிழ்ப் பழக்கத்தில் படித்தால் இரண்டும் 'தம்பி' ஆகிவிடும். நிகழ்ச்சி தொகுக்கும் 'ஆங்கர்', கோபம் என்ற 'ஆங்கர்', தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே உடை. மையம் என்ற சென்டர், அனுப்புநர் என்ற சென்டர், அதுவும் இப்படித்தான். அங்கிள், கம்பெனி, பேங்க், திங்க் எல்லாம் இதே குழியில் விழுபவை.

பயிற்சி மூன்று படி. (1) சொல்லை வெட்டுங்கள்: 'சிம்' என்று சொல்லி வாயை மூடியபடி ஒரு நொடி நிறுத்தி, 'பல்' என்பதன் ப-வோடு 'பிள்' சொல்ல வேண்டும். (2) இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வாருங்கள், ஆனால் தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் 'ம்' முடிந்து ஒரு கணம் அதிர்வு அறுபட வேண்டும். (3) உயிரையும் மெல்லினத்தையும் சுருக்குங்கள். அதிராத மெய்க்கு முன்னால் வருபவை குறுகும். பிள்ளைகளின் நோட்டில் 'சிம்ப்பிள்', 'சென்ட்டர்', 'அங்க்கிள்' என்று ஒற்று சேர்த்து எழுதிக் கொடுத்தால் படிக்கும்போது அதிர்வு தானாக விட்டுப்போகும். அழகாக இருக்காது, வேலை செய்யும்.

மூன்றாவது படியில் சொன்ன நீளம் சொல்லின் கடைசியில்தான் அதிகம் உதவும். கேப் (தொப்பி), கேப் (வாடகைக் கார்). பேட் (மட்டை), பேட் (கெட்டது). ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்கள் கடைசி மெய்யை வெடிக்காமல் உதட்டிலேயே விழுங்கிவிடுவது உண்டு. அப்போதும் எது எது என்று காதுக்குத் தெரியக் காரணம் உயிரின் நீளம். அதிரும் மெய்க்கு முன் நீளும், அதிராத மெய்க்கு முன் வெட்டுப்படும். நம்மவர்கள் கடைசியில் ஒரு உகரம் சேர்த்து 'கேப்பு', 'பேகு' என்பதால் இந்த நீள வித்தியாசம் கலைந்துபோகிறது. முதலில் உகரத்தை நிறுத்துங்கள், பிறகு நீளத்தைக் கவனியுங்கள்.

சொல்லின் முதலில் வேறு பிரச்சினை. பின் (குண்டூசி) என்று நாம் சொன்னால் ஆங்கிலேயர் காதில் 'பின்' (குப்பைத்தொட்டி) என்று விழலாம். காரணம், அழுத்தமுள்ள அசையின் தொடக்கத்தில் வரும் பாரிஸ் பி, டோக்கியோ டி, கே மூன்றையும் அவர்கள் மூச்சோடு விடுகிறார்கள். லிஸ்கர், ஆப்ராம்சன் என்ற ஒலியியல் ஆய்வாளர்கள் இருவரும் 1964-இல் பதினொரு மொழிகளை அளந்தபோது தமிழும் அதில் இருந்தது. உதடு திறந்ததிலிருந்து குரல் தொடங்கும் வரை ஆங்கிலப் பாரிஸ் பிக்கு சராசரி 58 மில்லிநொடி, தமிழ் ப-வுக்கு 12. அந்த இடைவெளியைத்தான் மூச்சு நிரப்புகிறது. ஒரு துண்டு டிஷ்யூ பேப்பரை உதட்டுக்கு முன் நாலைந்து செ.மீ. தள்ளித் தொங்கவிட்டு 'பின்' சொல்லச் சொல்லுங்கள், பேப்பர் துள்ள வேண்டும். 'ஸ்பின்' சொன்னால் துள்ளக் கூடாது, எஸ்ஸுக்குப் பின்னால் மூச்சு வராது. கேயை இப்படிச் சோதிக்காதீர்கள், அது தொண்டைப் பக்கம் பிறப்பதால் பேப்பர் அவ்வளவு ஆடாது. உள்ளங்கையை வைத்துப் பார்க்கலாம். இந்த மூச்சு இல்லாத ஆங்கிலம் இந்தியா முழுக்கப் புழங்குகிறது, யாருக்கும் புரியாமல் போவதில்லை. ஆகவே இதற்கு ஒரு வகுப்புக்கு மேல் செலவழிக்க வேண்டாம் என்பது என் கட்சி. சிம்பிள்/சிம்பல் அப்படி இல்லை, அது நமக்குள்ளேயே குழப்பும்.

டிஎச்: இதற்கு நாக்கைப் பல்லுக்கு வெளியே நீட்டச் சொல்லி வகுப்பைச் சிரிப்பாக்க வேண்டாம். வேகமாக 'அது, இது, எது' சொல்லிப் பாருங்கள். 'தண்ணி' என்பதில் வரும் த மாதிரி நாக்கு பல்லில் முட்டி நிற்பதில்லை, உரசிக்கொண்டு போகிறது. அந்த உரசும் த-தான் தி, தட், தே, மதர், பிரதர் என்பவற்றில் வருவது. அதை அப்படியே நிறுத்திக் குரலை அணைத்தால் திங்க், தேங்க்ஸ், பாத் (குளியல்) என்பவற்றில் வருவது கிடைக்கும். சோதனை: மூன்று நொடி இழுத்துப் பிடிக்க முடிகிறதா? முட்டுகிற த-வை இழுக்க முடியாது. எது எங்கே என்பதற்கும் ஒரு பிடி உண்டு. சொல்லின் முதலில் குரலோடு வருவது சுட்டுச்சொல், இணைப்புச்சொல் வகை மட்டும்: தி, திஸ், தென், தோ, தெயர். மற்ற முதலெழுத்தெல்லாம் குரலின்றி. தாமஸ், தேம்ஸ், தாய்லாந்து என்பவற்றில் எச் சும்மா இருக்கிறது, வெறும் டோக்கியோ டி.

என்ஜி: நாம் 'ங்' எழுதினாலே பின்னால் ஒரு 'க' ஒட்டிக்கொள்ளும். சிங்கர் (பாடகர்) என்பதில் அந்த 'க' கிடையாது. ஃபிங்கரில் உண்டு. வினையோடு ஈஆர் சேர்ந்தால் இல்லை, சொல்லே அப்படிப் பிறந்திருந்தால் உண்டு. ஆனால் லாங்கர், ஸ்ட்ராங்கர், யங்கர் மூன்றிலும் 'க' உண்டு.

வியும் டபிள்யூவும்: விக்கு மேல்பல் கீழுதட்டைத் தொட வேண்டும், டபிள்யூவுக்குப் பல்லுக்கு வேலையே இல்லை, உதடு குவிந்தால் போதும்.

யாழோசை எழுதியது:

நுனிநாக்கு சொன்னதோட ஒரு சின்ன விசயம் சேர்க்கிறன். ஆங்கில டோக்கியோ டி, டெல்லி டி இரண்டுக்கும் நாக்கு தொடுற இடம் மேல்பல்லுக்குப் பின்னால இருக்கிற ஈறு மேடு. தமிழ்நாட்டில 'ட' போட்டு எழுதிப் படிக்கிறதால நாக்கை மடிச்சு அண்ணத்தில வைக்கினம். 'ட'வுக்கும் 'த'வுக்கும் நடுவில இருக்கிற இடம் அது. எங்கட யாழ்ப்பாணப் பேச்சில 'காற்று', 'வெற்றி' எண்டு சொல்லேக்க 'ற்ற' சரியா அந்த இடத்திலதான் பிறக்குது. அதாலதான் இலங்கைத் தமிழர் ரொறன்ரோ, ரி.வி., கொம்பியூற்றர் எண்டு எழுதுகினம். தமிழ்நாட்டு ஆக்கள் இதைப் பார்த்துச் சிரிக்கிறது உண்டு, ஒலியைப் பார்த்தா ஆங்கிலத்துக்குக் கிட்ட நிக்கிறது இந்த எழுத்துத்தான். பிள்ளைகளுக்கு யாழ்ப்பாணத்தார் 'காற்று' சொல்லுற ஒரு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டி, அந்த இடத்தில நாக்கை வைச்சு 'ட்' சொல்லச் சொல்லுங்கோ.

கரும்பலகை எழுதியது:

சொல்வேர் சார் சொன்னதில் ஒரு திருத்தம். ஜியையும் சியையும் ஒரே தட்டில் வைத்துவிட்டார். சி விதி ஏறக்குறைய இரும்பு விதி, சாக்கர், கெல்டிக் மாதிரி ஒன்றிரண்டு தவிர ஓட்டை கிடையாது. ஜி அப்படி இல்லை. கெட், கிவ், கிஃப்ட், கேர்ள் எல்லாம் அன்றாடச் சொற்கள், நான்கிலும் ஜிக்கு அடுத்து ஈ அல்லது ஐ, ஆனால் 'ஜ்' வராது. பிரெஞ்சு, லத்தீன் வழியாக வந்த ஜெம், ஜயன்ட், ஜிம் வகைதான் விதிக்குக் கட்டுப்படும். கெஸ்ட், கைட் (வழிகாட்டி), கிட்டார் என்பவற்றில் நடுவில் யூ ஒன்று தூங்குகிறதே, அதற்கு வேலை ஜியை 'ஜ்' ஆகாமல் காப்பது மட்டுமே.

ஈடி பற்றி யாரும் தொடவில்லை. வினைச்சொல்லின் கடைசி ஒலியைப் பாருங்கள், எழுத்தை இல்லை.

கடைசி ஒலி டோக்கியோ டி அல்லது டெல்லி டி என்றால் தனி அசை, 'இட்': வான்டிட், நீடிட்.
அதிராத ஒலி என்றால் டோக்கியோ டி, அசை கூடாது: வாக், வாஷ், வாட்ச், லாஃப், பாஸ்.
மற்ற எல்லாம் டெல்லி டி, அசை கூடாது: பிளே, ஓப்பன், கால், லிவ்.

லாஃப் எழுத்தில் ஜிஎச், ஒலியில் 'ஃப்'. அதனால்தான் எழுத்தைப் பார்க்காதே என்பது. 'வாக்கெட்', 'வாஷெட்' என்று இரண்டு அசையாகச் சொல்லும் பிள்ளையிடம் இந்த ஜோடிகளைக் கொடுங்கள்: பாஸ்ட் (கடந்தகாலம்) என்பதும் பாஸ் என்பதன் இறந்தகாலமும் ஒலியில் ஒன்றே. மிஸ்ட் (மூடுபனி) என்பதும் மிஸ் என்பதன் இறந்தகாலமும் ஒன்றே. கெஸ்ட் (விருந்தாளி) என்பதும் கெஸ் என்பதன் இறந்தகாலமும் ஒன்றே. எழுத்து வேறு, ஒலி ஒன்று என்று தெரிந்ததும் அந்த 'எ' உதிர்ந்துவிடும். நேக்கிட், விக்கிட் போன்ற பெயரடைகள் மட்டும் இந்தக் கணக்கில் வராது, அங்கே 'இட்' முழுதாக ஒலிக்கும்.

பன்மை எஸ்ஸும் இதே மூன்று வழிதான். கேட்ஸ், புக்ஸ் என்பவற்றில் 'ஸ்'. டாக்ஸ் (நாய்கள்), பென்ஸ், ட்ரீஸ் என்பவற்றில் வண்டு ரீங்காரம் போல் இசட். பஸ்சஸ், பாக்சஸ், வாட்சஸ் என்று சீறும் ஒலிக்குப் பின் 'இ' சேர்ந்து இசட். இஸ், வாஸ், ஹிஸ், ஹேஸ் நான்கும் இசட்டில் முடிபவை, எழுத்து எஸ் என்பதால் இதைச் சொல்லித் தர மறந்துபோகிறோம். அட்வைஸ், யூஸ், ஹவுஸ் என்று ஒரே வேர் பெயராகவும் வினையாகவும் வந்தால் பெயரில் 'ஸ்', வினையில் இசட்.

ஊமை எழுத்துக்கு மனப்பாடத்தைவிட நல்ல வழி, உறவுக்காரச் சொல்லைத் தேடுவது. சைன் என்பதில் ஜி தூங்குகிறது, சிக்னல், சிக்னேச்சர் என்பவற்றில் விழிக்கிறது. பாம் (குண்டு) கடைசியில் பாம்பே பி ஊமை, பம்பார்ட் என்பதில் பேசும். மசில் என்பதில் சி ஊமை, மஸ்குலர் என்பதில் பேசும். ஆட்டம் (இலையுதிர்காலம்) கடைசி என், ஆட்டம்னல் என்பதில் வரும். கிரம் (ரொட்டித் தூள்), கிரம்பிள். சாஃப்ட் என்பதில் டோக்கியோ டி ஒலிக்கும், சாஃபன் (மென்மையாக்கு) என்பதில் எழுத்தாக மட்டும் நிற்கும்.

உறவில்லாதவற்றுக்குக் காரணம் உண்டு. நீ (முழங்கால்), நைஃப், நைட் (வீரன்) என்பவற்றில் கே ஒருகாலத்தில் ஒலித்தது. ஆங்கிலக் கவிஞர் சாசர் காலத்தில், அதாவது 14-ஆம் நூற்றாண்டில், நைட் என்பது 'க்னிஹ்ட்' போல இருந்தது, கே, ஜிஎச் எல்லாம் பேசின. ஜெர்மன் மொழியில் முழங்காலுக்கு இன்றும் 'க்னீ'. இங்கிலாந்தின் முதல் அச்சுக்காரர் காக்ஸ்டன் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தது 1476. அச்சு எழுத்தைப் பிடித்து நிறுத்தியது, ஒலி அது பாட்டுக்கு நகர்ந்துபோனது. இன்னொரு வகை, ஒருநாளும் ஒலிக்காதது. டெட் (கடன்), டவுட் இரண்டிலும் பாம்பே பியை லத்தீன் மூலத்தைக் காட்டப் படித்தவர்கள் பிறகு செருகினார்கள், அதற்கு முன் பி இல்லாமலே எழுதினார்கள். ஐலண்ட் என்பதில் எஸ், லத்தீன் 'இன்சுலா'வோடு தப்பாக உறவு கற்பித்துச் செருகியது. அந்தச் சொல் பழைய ஆங்கிலத்துக்குச் சொந்தம், எஸ் அதில் இல்லை. குட் (முடியும் என்பதன் இறந்தகாலம்) என்பதில் எல், வுட், ஷுட் என்பவற்றைப் பார்த்துப் போட்ட காப்பி. பிள்ளைகளிடம் 'இந்த எழுத்து பெரியவர்கள் செய்த தப்பு' என்று சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

மாலைவகுப்பு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. யாழோசை சொன்ன 'காற்று' எனக்குப் புதிது. ஒரே ஒரு கேள்வி: பாம் என்பதில் பி ஊமை என்றால் 'பிளம்பர்' எப்படி? நாம் எல்லோரும் 'ம்ப' என்றே சொல்கிறோமே?

கரும்பலகை எழுதியது:

பிளமர். எம்முக்குப் பின் பாம்பே பி வேர்ச்சொல்லின் கடைசியில் வந்தால் ஊமை, ஐஎன்ஜி, ஈஆர் சேர்த்தாலும் ஊமைதான்: கிளைமிங் (ஏறுவது), கிளைமர். வேருக்கு நடுவில் வந்தால் பேசும்: மெம்பர், டிம்பர், எண் என்ற நம்பர். பிளம்பரின் வேர் ஈயத்துக்கான லத்தீன் சொல் பிளம்பம், பழைய குழாய் ஈயத்தில் செய்தது. ஆங்கிலத்தில் பிளம் (தூக்குக்குண்டு) என்ற சொல்லிலும் பி ஊமை, அதன் உறவு என்பதால் பிளம்பரிலும் ஊமை. தெருவில் குழாய் ரிப்பேருக்குக் கூப்பிடும்போது 'பிளமர்' என்றால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள், அங்கே 'பிளம்பர்' என்றே கூப்பிடுங்கள். அது இப்போது தமிழ்ச் சொல்.